எலிசபெத்தின் அப்பா யார்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளிமத் ஊரின் நடுவே ஒரு மேடு இருக்கிறது. பெயர் பரியல் ஹில். இடுகாட்டு மேடு என்று நேராகவே சொல்லிவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே ஜான் ஹவ்லண்ட் என்பவருக்கு ஒரு கல் நட்டார்கள். அவர் இறந்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அவர் மனைவி எலிசபெத், பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஜான் கார்வரின் மகள் என்று அந்தக் கல்லில் செதுக்கினார்கள். குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த செய்தி அது. ஊரும் நம்பியது. கல்லில் வெட்டியபின் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஆனால் அது தவறு. எப்படித் தெரிந்தது, உண்மையான அப்பா எப்படிக் கிடைத்தார் என்பதுதான் இந்த ஆய்வு. அமெரிக்க மூதாதையர் ஒருவரின் வேரைத் தேடுகிறவர்கள் சறுக்கி விழும் இடங்கள் பலவும் இந்த ஒரே குடும்பத்துக்குள் இருக்கின்றன. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். 1620-ல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் 102 பயணிகள் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். பிளிமத் குடியேற்றத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஜான் ஹவ்லண்ட், கார்வர் வீட்டு வேலைக்காரராக வந்த இளைஞர். நடுக்கடலில் புயல் அடித்துக்கொண்டிருந்தபோது மேல்தளத்துக்கு வந்திருக்கிறார். கப்பல் ஒரு பக்கம் சாய, ஆள் கடலுக்குள். வெளியே தொங்கி ஓடிக்கொண்டிருந்த பாய்மரக் கயிறு ஒன்று கையில் சிக்கியது. பல பாகம் ஆழத்துக்குத் தண்ணீருக்குள் போயும் பிடியை விடவில்லை. அதே கயிற்றால் மேலே இழுத்து, கொக்கிக் கழியால் கப்பலுக்குள் தூக்கிப் போட்டார்கள். இதை எழுதி வைத்தவர் கார்வருக்குப் பின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டு. உடம்பு கொஞ்சம் சுகமில்லாமல் போனாலும் பிறகு பல ஆண்டுகள் வாழ்ந்து, சபைக்கும் ஊருக்கும் பயனுள்ள ஆளாக இருந்தார் என்றும் சேர்த்து எழுதினார்.

கயிற்றைப் பிடித்த அந்தக் கையால் இன்றைக்கு இருபது லட்சம் பேர் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. எலிசபெத்துக்கும் அவருக்கும் பத்துப் பிள்ளைகள். பத்தும் வளர்ந்து, திருமணம் செய்து, பிள்ளை பெற்றார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண விஷயமே இல்லை. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், புஷ் அதிபர்கள் இருவர், மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட் எல்லாரும் இந்தக் கொடியில் வந்தவர்கள். ஆகவே எலிசபெத்தின் அப்பா பெயர் தவறினால், அது ஒரு வீட்டுத் தவறோடு நிற்காது. இருபது லட்சம் பேருடைய வம்சாவளியில் அதே தவறு ஏறிவிடும்.

சரி, கார்வர் எப்படி அப்பா ஆனார்? யோசித்தால் புரிகிறது. ஹவ்லண்ட் கார்வர் வீட்டு ஆள். 1621 வசந்தத்தில் கார்வர் இறந்தார். சில வாரங்களில் மனைவியும் போய்விட்டார். அவர்களுக்குப் பின் உயிரோடிருந்த பிள்ளை யாருமில்லை. அப்புறம் ஹவ்லண்ட் மளமளவென்று மேலே வருகிறார். வேலைக்காரர் எப்படி இப்படி உயர்ந்தார் என்ற கேள்விக்கு, எசமானரின் மகளைக் கட்டிக்கொண்டார் என்ற பதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னொன்றும் இருக்கிறது. குடும்பக் கதைகள் எப்போதும் மேல்நோக்கித்தான் ஏறும். முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போன, யாருக்கும் தெரியாத ஒருவரை விட ஆளுநர் நல்ல தாத்தா. குடும்பக் கதையில் பெரிய மனிதர் ஒருவர் தட்டுப்பட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அவரைத்தான்.

இந்தக் கதையை உடைத்தது ஒரு கையெழுத்துப் படி. பிராட்ஃபோர்டு 1630-ல் எழுதத் தொடங்கி, இருபது ஆண்டுகள் விட்டு விட்டு எழுதிய குடியேற்ற வரலாறு அது. அவர் வீட்டிலேயே மகன், பேரன் என்று கைமாறி, பின்பு தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியாரிடம் வந்தது. அவருடைய புத்தகச் சேகரிப்போடு பாஸ்டனில் ஓல்ட் சவுத் தேவாலயக் கோபுரத்தில் இருந்தது. அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பிரிட்டிஷ் படை அந்தத் தேவாலயத்தைக் குதிரைப் பயிற்சிக் கூடமாக்கியது. 1776-ல் படை பாஸ்டனை விட்டுப் போனது. அந்தக் கொந்தளிப்புக்குப் பின் பார்த்தால் கையெழுத்துப் படியைக் காணோம்.

கிடைத்த விதம் வேடிக்கையானது. 1844-ல் பின்னாளில் பிஷப்பான ஆங்கிலப் பாதிரியார் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ் அமெரிக்கத் திருச்சபை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்திலிருந்த ஒரு கையெழுத்துப் படியிலிருந்து சில பகுதிகளை மேற்கோள் காட்டியிருந்தார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1855-ல், பாஸ்டன் வரலாற்று ஆர்வலர்கள் கண்ணில் அது பட்டது. பழைய எழுத்தாளர்கள் பிராட்ஃபோர்டிடமிருந்து எடுத்தாண்ட வரிகளும் இவையும் ஒன்றாக இருந்தன. லண்டனுக்குக் கடிதம் போனது, நகல் எடுத்து அனுப்பினார்கள், 1856-ல் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் அச்சிட்டது. மூலப்படி 1897-ல் பாஸ்டனுக்கே திரும்பி வந்து, இப்போது மாநில நூலகத்தில் இருக்கிறது.

அதன் கடைசியில் ஒரு பட்டியல். கப்பலில் வந்தவர்கள் யார் யார், முப்பது ஆண்டுகளில் அவர்கள் என்ன ஆனார்கள் என்று பிராட்ஃபோர்டு வீடு வீடாகக் குறித்திருந்தார். கார்வர் வீட்டில் ஹவ்லண்டின் பெயர் வருகிறது. எலிசபெத் அங்கே இல்லை. தனியாக இன்னொரு வரி: ஜான் டில்லி, அவர் மனைவி, அவர்கள் மகள் எலிசபெத். பின்னால் வரும் பகுதியில், டில்லியும் மனைவியும் கரையேறிய கொஞ்ச நாளிலேயே இறந்தார்கள், மகள் எலிசபெத் ஜான் ஹவ்லண்டை மணந்தாள் என்று எழுதியிருக்கிறார். பத்துப் பிள்ளைகளும் உயிரோடிருக்கிறார்கள், மூத்த மகளுக்கு நான்கு, இரண்டாம் மகளுக்கு ஒன்று, ஆக பதினைந்து பேர் என்று கூட்டலும் போட்டிருக்கிறார்.

சாட்சியை எடை போடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கல்லறைக் கல் பார்க்கக் கனமாக இருக்கிறது. ஆனால் அதை வெட்டியவர்கள் யாரும் எலிசபெத்தைப் பார்த்ததில்லை, அவளைப் பார்த்தவர்களைக்கூடப் பார்த்ததில்லை. பிராட்ஃபோர்டு அதே கப்பலில் வந்தவர், அதே ஊரில் இருந்தவர். அவர் எழுதியபோது எலிசபெத் அதே குடியேற்றத்தில் உயிரோடிருந்தாள். கார்வர் என்று எழுதுவதாலோ டில்லி என்று எழுதுவதாலோ அவருக்கு லாபம் எதுவும் கிடையாது. கல்லா காகிதமா என்பது ஒரு பொருட்டே இல்லை. எழுதியவருக்கு விஷயம் தெரிய வாய்ப்பு இருந்ததா, எப்போது எழுதினார் என்பதுதான் கேள்வி.

இதற்குப் பிறகும் குடும்பக் கதை லேசில் விடவில்லை. மகள் இல்லையென்றால் வளர்ப்பு மகளாக இருக்கலாமே என்று சமாதானம் சொன்னார்கள். அனாதையான பதிமூன்று வயதுப் பெண்ணைக் கார்வர் குடும்பம் சில மாதங்கள் வைத்துப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் அப்படி ஒரு வரிகூட எந்தப் பதிவிலும் இல்லை. பரியல் ஹில்லில் இப்போது நிற்கும் கல்லில் ஜான் டில்லியின் மகள் என்றே இருக்கிறது.

அப்பா பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் இங்கிலாந்தில் ஜான் டில்லிகளுக்கா பஞ்சம்? கடல் கடந்த ஆளைக் கடலுக்கு அந்தப் பக்கம் அடையாளம் காண்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான கட்டம்.

முதலில் ஒரு தவறான வழி. ஹாலந்தின் லைடன் நகரத்தில் பிளிமத்காரர்கள் பலர் பத்து ஆண்டுகளுக்கு மேல் அகதிகளாக வாழ்ந்தவர்கள். அந்த ஊர்ப் பதிவில் 1615-ல் டில்லி போல ஒலிக்கும் பெயருடைய ஒருவர் வான் டெர் வெல்டே என்ற குடும்பப் பெண்ணை மணந்திருக்கிறார். பெயர் ஒத்துப்போகிறது, ஊர் ஒத்துப்போகிறது, காலம் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. உடனே இவர்தான் அவர் என்று சிலர் எழுதிவிட்டார்கள். எலிசபெத்துக்கு ஒரு டச்சுத் தாயோ சிற்றன்னையோ கிடைத்துவிட்டாள். இன்றும் இணையத்து வம்சாவளி மரங்களில் அந்தப் பெண் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வெறும் பெயர்ப் பொருத்தத்தை வைத்து ஆளை முடிவு செய்தால் இப்படித்தான்.

சரியான வழி பெட்ஃபோர்டுஷைரில் உள்ள ஹென்லோ என்ற கிராமத்துக்குப் போனது. அங்கே தேவாலயப் பதிவேட்டில் 1571 டிசம்பரில் ஒரு ஜான் டில்லிக்கு ஞானஸ்நானம். 1596 செப்டம்பரில் அவருக்கும் ஜோன் என்ற விதவைக்கும் திருமணம். ஐந்து பிள்ளைகள், கடைசிப் பெண் எலிசபெத். ஞானஸ்நானம் 1607 ஆகஸ்ட் 30. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் லைடன் ஆளும் இப்படித்தானே நன்றாக இருந்தார்? ஹென்லோ மட்டும் ஏன் சரி?

இங்கேதான் பிராட்ஃபோர்டின் பட்டியலை மறுபடி படிக்க வேண்டும். ஜான் டில்லியோடு எட்வர்டு டில்லி, அவர் மனைவி ஆன் இருவரும் வந்தார்கள். அவர்களோடு கசின்கள் இருவர்: ஹென்றி சாம்சன், ஹுமிலிட்டி கூப்பர். கசின் என்ற சொல்லை இன்றைய பொருளில் எடுத்தால் தேடல் அங்கேயே வழி தவறிவிடும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தச் சொல் அண்ணன் தங்கை பிள்ளைகளுக்கும் போகும். அக்காள் மகனும் கசின், அண்ணன் மகளும் கசின், பெரியப்பா மகனும் கசின். உறவுக்கு ஒன்றுக்கு மூன்று சொல் வைத்திருக்கும் நமக்கு இது விசித்திரமாக இருக்கும். தமிழில் அந்தப் பட்டியலை எழுதியிருந்தால் ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது.

ஹென்லோவில் பாருங்கள். ஜானுக்குத் தம்பி எட்வர்டு, 1588-ல் ஞானஸ்நானம். அவர் அதே ஊரில் 1614 ஜூன் மாதம் ஆன் கூப்பரை மணக்கிறார். ஆனின் சகோதரி மார்த்தா கூப்பர், சாம்சன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அவர் மகன்தான் ஹென்றி சாம்சன். ஹுமிலிட்டி கூப்பர், ஆனின் சகோதரன் மகள். டில்லி, கூப்பர், சாம்சன் மூன்று குடும்பமும் ஒரே கிராமத்து உறவு வட்டத்தில், பட்டியல் சொல்லும் அதே பிணைப்போடு இருக்கின்றன. ஒரு பெயர் தற்செயலாகப் பொருந்தலாம். இத்தனை பேரும் இத்தனை உறவும் தற்செயலாகப் பொருந்தாது. 1976-ல் வம்சாவளி ஆய்வாளர் ராபர்ட் லீ வார்டு இந்த எழுவரின் பூர்வீகத்தையும் ஒன்றாக வைத்து எழுதினார். ஆளைத் தனியாகத் தேடாதே, அவரோடு பயணம் செய்தவர்களையும் சேர்த்துத் தேடு என்று இந்தத் துறையில் சொல்வார்கள். மேஃப்ளவர் ஆய்வில் அது பலித்த இடங்களில் முக்கியமானது இது.

இதற்கும் மேல் ஒரு சாட்சி, எனக்கு மிகவும் பிடித்தது. எலிசபெத்தே சொன்னது. கணவர் இறந்தபின் அவர் மகள் லிடியாவின் வீட்டில், ஸ்வான்சி ஊரில் வசித்தார். 1686 டிசம்பர் 17-ல் எழுதிய உயிலில் தனக்கு எழுபத்தொன்பது வயது என்று தொடங்குகிறார். கணக்குப் போட்டால் அவர் 1606 டிசம்பர் பின்பாதிக்கும் 1607 டிசம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். ஹென்லோ ஞானஸ்நானம் 1607 ஆகஸ்ட். ஒரு கிழவி பெருங்கடலுக்கு இந்தப் பக்கம் சொன்ன வயதும், எண்பதாண்டுக்கு முன் அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் யாரோ பதிந்த தேதியும் சரியாக வந்து சேர்கின்றன.

இந்த உயிலிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. எலிசபெத் இறந்தது 1687 டிசம்பரில். உயில் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது ஜனவரி 10-ல், அந்தக் கால வழக்கப்படி அதுவும் 1687. அப்படியே படித்தால், சாவதற்குப் பதினோரு மாதம் முன்பே உயிலை நிறைவேற்றிவிட்டார்கள்! விஷயம் என்னவென்றால், 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் பெரும்பகுதி எல்லாம் பழைய ஆண்டின் வால். ஆகவே ஆய்வாளர்கள் 1687/8 என்று இரட்டையாக எழுதுவார்கள். ஹவ்லண்ட் இறந்த தேதியும் அப்படித்தான், 1672/3 பிப்ரவரி 23. இதைக் கவனிக்காததால் தாய்க்கு முன் பிள்ளை பிறந்த குடும்பங்கள் எத்தனையோ.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். ஜோனின் முதல் கணவர் பெயர் தாமஸ் ரோஜர்ஸ். மேஃப்ளவரில் ஒரு தாமஸ் ரோஜர்ஸும் வந்தார். அடடா, முன்னாள் கணவரும் இந்நாள் கணவரும் ஒரே கப்பலிலா என்று கதை கட்டத் தோன்றும். ஜோன் 1596-ல் மறுமணம் செய்யும்போதே விதவை. கப்பலில் வந்தவர் வேறு ஆள், நார்த்தாம்ப்டன்ஷைர்க்காரர்.

ஹவ்லண்ட் பக்கத்து வேர் இவ்வளவு துல்லியமாக இல்லை. அவருடைய ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லை. ஊர் கிடைத்தது அண்ணன் தம்பிகளால். ஆர்தர், ஹென்றி என்று இரண்டு சகோதரர்கள் அவரைத் தொடர்ந்து அமெரிக்கா வந்தார்கள். லண்டனில் துணி வணிகராக இருந்த ஹம்ஃப்ரி ஹவ்லண்ட் 1646-ல் எழுதிய உயிலில், நியூ இங்கிலாந்திலிருந்து தனக்கு வரவேண்டிய கடனை ஆர்தர், ஜான், ஹென்றி என்ற மூன்று சகோதரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனதில் ஹண்டிங்டன்ஷைரின் ஃபென்ஸ்டன்டன் கிராமமும், அப்பா ஹென்றி, அம்மா மார்கரெட் ஆகியோரும் கிடைத்தார்கள். நேரடிப் பதிவு இல்லாதபோது உடன்பிறந்தவரின் உயில் பல நேரம் இப்படிக் கைகொடுக்கும்.

வயதில்தான் இழுபறி. பிளிமத் பதிவு, எண்பதுக்கு மேல் வாழ்ந்து இறந்தார் என்கிறது. அப்படியானால் 1593-க்கு முன் பிறந்திருக்க வேண்டும், கப்பலேறும்போது இருபத்தேழுக்கு மேல். பிராட்ஃபோர்டோ அவரைத் திடகாத்திரமான இளைஞர் என்கிறார், அதுவும் வேலைக்காரராக வந்தவர். ஆகவே 1599 வாக்கில் பிறந்திருப்பார் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முதியவர்களின் வயதைச் சுற்றியிருப்பவர்கள் கூட்டிச் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. எலிசபெத் சொன்ன எழுபத்தொன்பதை நம்பிவிட்டு இந்த எண்பதை மட்டும் சந்தேகிக்கலாமா என்றால், முன்னது அவரே சொல்லி உயிலில் ஏறியது. பின்னது இறந்தபின் இன்னொருவர் எழுதியது.

அதே பதிவு, மேஃப்ளவரில் வந்து பிளிமத்தில் வாழ்ந்த ஆண்களில் கடைசியாக மிஞ்சியவர் இவர் என்றும் சொல்கிறது. இதைப் பலர் மேஃப்ளவரின் கடைசி மனிதர் என்று சுருக்கிவிடுகிறார்கள். பக்கத்து ஊர் டக்ஸ்பரியில் ஜான் ஆல்டன் 1687 வரை இருந்தார். பிளிமத்திலேயே மேரி குஷ்மன் 1699 வரை இருந்தார். குழந்தையாகக் கப்பலில் வந்த அந்த மேரி, ஹவ்லண்ட் தம்பதிக்குச் சம்பந்தி. கடைசி மகள் ரூத்தை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பதிவில் தவறில்லை, படிப்பவர்தான் சொற்களை விட்டுவிடுகிறார்.

அமெரிக்க மண்ணில் இந்தக் குடும்பத்தைத் தொடர்வது ஒப்பீட்டளவில் சுலபம். 1627-ல் ஊர் மாடுகளைப் பங்கு பிரித்தபோது எழுதிய பட்டியல் இருக்கிறது. நான்காம் பங்கு ஹவ்லண்ட் குழுவுக்கு. அதில் மனைவி எலிசபெத், மகன் ஜான், மகள் டிசையர் என்று பெயர்கள். அவர்களுக்கு விழுந்தது ரேக்ஹார்ன் என்ற கிடாரி. யாரும் வம்சாவளிக்காக எழுதிய ஆவணம் அல்ல அது, பால்மாட்டுக்காக எழுதியது. அதனாலேயே நம்பகமானது. இருவருக்கும் 1627-க்குள் திருமணமாகி இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன என்பதை அது உறுதி செய்கிறது.

அடுத்த தலைமுறைக்கு இரண்டு உயில்கள் போதும். ஹவ்லண்ட் 1672 மே மாதம் எழுதியதில் பத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஆறு மகள்களும் கணவர் வீட்டுப் பெயரோடு. எலிசபெத்தின் உயிலில் டிசையர், ஹோப், ரூத் மூன்று பேரைக் காணோம். இதை மட்டும் பார்த்தவர் பத்தை ஏழாக்கிவிடுவார். அவர்கள் தாய்க்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ரூத்துக்குப் பதிலாகப் பேத்தி டிசையர் குஷ்மனுக்கு நான்கு ஆடுகள் போகின்றன. அதேபோல் தாத்தாவின் உயிலில் இருபது ஷில்லிங் பெற்ற பேத்தி எலிசபெத் ஹவ்லண்ட், பாட்டியின் உயிலில் எலிசபெத் பர்ஸ்லியாக ஒரு சோடி விரிப்பும் ஒரு பெட்டியும் பெறுகிறாள். நடுவில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெண்களின் பெயர் மாறும் இடத்தில்தான் பெரும்பாலான தேடல்கள் அறுந்துபோகும். இங்கே இரண்டு காகிதங்களும் அந்த இடத்தைத் தைத்துக் கொடுக்கின்றன.

மரபணுச் சோதனை செய்தால் முடிந்ததே என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து நம் உடம்புக்கு ஒரு துளி மரபணுகூட வராமல் போகலாம், ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கழிந்துகொண்டே வருகிறதே. ஆண் வழியோ தாய் வழியோ அறுபடாமல் வந்தவர்களுக்கு மட்டும் அது கொஞ்சம் உதவும். 1897-ல் தொடங்கிய மேஃப்ளவர் வழித்தோன்றல் சங்கம் இன்றும் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுதான் கேட்கிறது.

எலிசபெத் கணவருக்குப் பக்கத்தில் இல்லை. மகள் குடும்பத்தின் இடுகாட்டில், இன்றைய ரோட் ஐலண்டின் ஈஸ்ட் பிராவிடன்ஸில் அவருக்குக் கல் இருக்கிறது. அவர் உயிலில் படுக்கை, போர்வை, பித்தளை அண்டா, இரும்புப் பானை எல்லாம் யார் யாருக்கு என்று பிரித்திருக்கிறார். மகன்கள் ஜானுக்கும் ஐசக்குக்கும் ஆளுக்கொரு சமய நூல். கடைசிக் காலத்தில் தன்னை வைத்துப் பார்த்த லிடியாவுக்கு நல்ல மெத்தை, பச்சைக் கம்பளம், சின்ன பைபிள், கூடவே ஜான் ராபின்சன் எழுதிய நூல் ஒன்று. ராபின்சன் லைடன் சபையின் போதகர். அமெரிக்காவுக்கு வர நினைத்திருந்து, வராமலே 1625-ல் லைடனில் இறந்தவர்.